ஓலைக்கும் பதிலுக்கும் நடுவே: கவனம் யாருக்குச் சொந்தம்?

1

மின்னஞ்சலைக் கையாள்வது பற்றி இன்று போதனைகளுக்குப் பஞ்சமில்லை. எழுந்ததும் பெட்டியைத் திறக்காதே, நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்க்காதே, மணியொலியை அணைத்து வை, வந்ததை வந்தவுடன் வகைபிரி. இவை தவறு என்று சொல்ல வரவில்லை. சில உருப்படியான யோசனைகள்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்து கிடக்கிறது. கவனம் என்பது தனிமனிதக் குணம். அது சிதறினால் அந்த ஆளின் ஒழுக்கத்தில்தான் ஓட்டை. பழைய நீதிபோதனைக்கு மேலாண்மைச் சட்டை மாட்டிவிட்டால் கிடைக்கிற சொல்லாடல் இது.

இந்த அனுமானத்தை வரலாற்றின் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். செய்திக்கும் பதிலுக்கும் நடுவே எந்தக் காலத்திலும் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. யோசிப்பது, எழுதுவது, ஆட்களைச் சேர்ப்பது என்று முக்கியமான வேலை எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது. அந்த இடைவெளி யாருடைய உழைப்பில் உண்டானது? யார் அதை அனுபவித்தார்கள்? யார் அதில் மாட்டிக்கொண்டு அழிந்தார்கள்? இந்தக் கேள்விகளை ஒட்டன்சத்திரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்துக் கேட்டுப்பார்க்க விரும்புகிறேன். பழனி மலையடிவாரத்தில், பெயரிலேயே ஒரு சத்திரத்தை வைத்திருக்கிற ஊர். வருகிறவர்கள் கொஞ்சம் தங்கி, பிறகு புறப்பட்டுப் போன இடம். நிற்காமல் ஓடுகிற செய்தியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

2

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகிற சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது விருப்பாச்சி. இன்று வெளியூர்க்காரர்களுக்கு அது மலைவாழைப்பழத்தின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஒரு பாளையம். 1772இல் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டு, சிவகங்கைச் சீமை நவாபின் கைக்கும் கம்பெனியின் கைக்கும் போனபோது, தப்பி வந்த வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்தவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். அந்த வருஷம் டிசம்பரில் பிரதானி தாண்டவராயப் பிள்ளை ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஐயாயிரம் குதிரைவீரர்களும் ஐயாயிரம் காலாட்களும் கொடுத்தால் சீமையை மீட்கலாம் என்பது சாரம். சிவகங்கை மீண்டது 1780இல். கடிதத்துக்கும் காரியத்துக்கும் நடுவே எட்டு வருஷம். எழுதியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எட்டு வருஷமும் பதில் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? படை சேர்ந்தது அந்த எட்டு வருஷத்தில்தான். காத்திருத்தல் அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, ‘ஆகா, அந்த மெதுவான காலம் பொற்காலம்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே விருப்பாச்சி அடுத்த பாடத்தையும் வைத்திருக்கிறது. 1800 ஏப்ரல் 29 அன்று பாளையக்காரர்களின் பிரதிநிதிகள் அங்கே கூடிக் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டம் போட்டார்கள். நாள் ஜூன் 3. அன்று முஹர்ரம், கோட்டையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்களின் கவனம் அதில் இருக்கும் என்பது கணக்கு. (எதிரியின் கவனம் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போடுவது போர்க்கலையில் பழைய விஷயம்தான்.) வடக்கே துந்தாஜி வாக், கிழக்கே மருதுகள் என்று பல திசைகளோடும் தொடர்பு இருந்தது. ஆனால் பல திக்கிலிருந்து கிளம்புகிற கூட்டங்கள் ஒரே நாளில், ஒரே வேளையில் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். நடுவழியில் திட்டம் மாறினால் சொல்லியனுப்ப, ஓடுகிற மனிதக் காலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. முயற்சி தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கோபால நாயக்கரும் 1801இல் தூக்கில் ஏற்றப்பட்டார்.

ஆக, இடைவெளி வேலை செய்யவும் இடம் கொடுக்கும், ஆளையும் கொல்லும். அது தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

3

கம்பெனி ஆட்சி நிலைத்தபிறகு இடைவெளி அரசாங்கத்தின் சொத்தாக ஆனது. 1854இல் அகில இந்தியத் தபால்தலை வந்தது. இலேசான கடிதம் என்றால் அரையணாத் தலை ஒட்டினால் போதும், துணைக்கண்டத்தின் எந்த மூலைக்கும் போகும். தூரத்துக்குத் தகுந்தபடி கூலி என்பது ஒழிந்தது. இதைப் பெரிய ஜனநாயக மாற்றம் என்று சொல்வார்கள். ஒருவகையில் உண்மைதான். ஆனால் தூரம் ஒழிந்தது கடிதம் போடுகிறவருக்குத்தான்; தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அல்ல.

நம் மலையையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலில் 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கினார்கள். வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக்க வந்தவர்கள். மேலே குளிர், அமைதி, படிக்கவும் எழுதவும் தோதான இடம். 1875இல் ரயில் மதுரையை எட்டியபோது அம்மையநாயக்கனூரில் நிலையம் அமைந்தது. பின்னாளில் அதற்குக் ‘கொடைக்கானல் ரோடு’ என்று பெயர். ஆனால் அங்கிருந்து மலைக்கு மேலே போக முதல் உலகப்போர்க் காலம்வரை சரியான வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதை, குதிரைவண்டிகூட ஏறாது. துரைகளும் துரைசானிகளும் கூலிகளின் தோளில் நாற்காலியில் உட்கார்ந்து ஏறினார்கள். மூட்டை முடிச்சும் தபாலும் மனித முதுகில் ஏறின.

எழுதுகிறவனின் ‘அமைதி’ என்பதற்குப் பொருளாதாரம் உண்டு என்று இதிலிருந்து புரிகிறது. மேலே ஒருவர் நிம்மதியாக அமர்ந்து, தபால் வரும் நேரத்துக்கு மட்டும் கவனத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற நேரம் முழுக்கத் தன் வேலையைப் பார்க்கிறார். ஒழுக்கமான மனிதர்! அந்த ஒழுக்கத்தை வேறொருவர் மூச்சு வாங்கக் கீழேயிருந்து சுமந்து வருகிறார். வீடுகளிலும் இதே கதைதான். ‘ஐயா எழுதிக்கிட்டிருக்காரு, அப்புறம் வாங்க’ என்று வாசலில் நின்று சொல்ல ஒரு பெண் இருந்த வீடுகளில்தான் நம் இலக்கியத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது. கவனத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும் வேலை கணக்கில் வராத வேலை. அந்தப் பெண் எதையாவது எழுத நினைத்திருந்தால் வாசலில் யார் நின்றிருப்பார்கள்?

4

காலனிய அலுவலகம் இந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே ஆக்கியது. சென்னை மாகாணத்து அலுவலகங்களில் வேரூன்றி, இன்றுவரை நம் தாலுகா ஆபீசுகளில் எச்சமிருக்கிற நடைமுறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். வெள்ளை அதிகாரி ஒருவரின் பெயர். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது கவனத்தைப் பங்கீடு செய்யும் இயந்திரம் என்று தெரியும். வருகிற தபாலை ஆளாளுக்குப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகாரி முன்னால் மொத்தமாகப் பிரிக்கப்படும், தேதி முத்திரை விழும், சுருக்கொப்பம் விழும். பகிர்மானப் பதிவேட்டில் எண் போட்டு உரிய எழுத்தருக்குப் போகும். அவர் தன்பதிவேட்டில் ஏற்றுவார். பல மாதம் நடவடிக்கை தேவையில்லாத கோப்புக்குத் தனிப் பதிவேடு. அது உரிய காலம் வரும்வரை யார் கண்ணையும் உறுத்தாது. பதில் வராவிட்டால் நினைவூட்டு. நிலுவைக்கு மாதாமாதம் பட்டியல். வேலை முடிந்த கோப்பை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதற்கும் விதி உண்டு.

இன்றைய மின்னஞ்சல் போதனைகளில் சொல்லப்படுகிற அத்தனையும் இதில் இருக்கிறது: குறித்த நேரத்தில் திறப்பது, வகைபிரிப்பது, தள்ளிவைப்பது, முடிப்பது. ஒரே வித்தியாசம், இதை யாரும் எழுத்தரின் ‘சுய ஒழுக்கம்’ என்று சொல்லவில்லை. அமைப்பு அதைச் செய்தது. எழுத்தரின் மேஜைக்குத் தபால் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கவில்லை.

சரி, இதையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற மனுதாரரைக் கேளுங்கள். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைகிறவருக்கு அந்த இடைவெளி என்ன செய்கிறது? ‘உங்க மனு பரிசீலனையில இருக்கு’ என்ற ஒரு வாக்கியத்தில் அதிகாரத்தின் இலக்கணம் முழுக்க இருக்கிறது. காக்க வைக்கிறவன் மேலே, காத்துக் கிடக்கிறவன் கீழே. அலுவலகத்தின் கவனம் மக்களிடமிருந்தும் சேர்த்தே பாதுகாக்கப்பட்டது.

5

இந்தப் பின்னணியில் மின்னஞ்சலின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1965இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்ல ஒரு நிரல் எழுதப்பட்டது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து வலைப்பின்னல் வழியாக இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். முகவரியின் நடுவே இன்றும் நாம் போடுகிற ‘அட்’ குறி அவர் தேர்ந்தெடுத்தது. 1978இல் நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக, பதினான்கு வயதுத் தமிழ்ப் பையன் சிவா அய்யாதுரை ‘ஈமெயில்’ என்ற பெயரிலேயே ஒரு நிரல் எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் வாங்கினார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று பிற்காலத்தில் அவர் உரிமை கோருவதைத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. முன்னோடிகளின் தேதிகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ‘தமிழன் கண்டுபிடித்தான்’ என்று நாம் புல்லரித்துப்போவதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த நிரலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அலுவலகக் காகிதத் தபாலைத் திரையில் நகலெடுப்பதுதான் அதன் நோக்கம்: வரும் தபால் தட்டு, போகும் தபால் தட்டு, கோப்புறை, நகல். இன்றைய எல்லா மின்னஞ்சல் செயலிகளின் முகமும் இதுதான். கடிதத்தின் அடியில் ‘நகல்’ என்று எழுதி நாலு அதிகாரிகளுக்கு அனுப்புகிற வழக்கம் ‘சிசி’ என்று பெயர் மாறித் திரைக்கு வந்தது. தட்டுகள் வந்தன, கோப்புறைகள் வந்தன, நகல் வந்தது. வராமல் போனவர் தபால் எழுத்தர்! கூடவே, பை கட்டுகிற நேரமும் வரவில்லை. நாளுக்கு இத்தனை முறைதான் வாசலுக்கு வருவேன் என்கிற தபால்காரரும் வரவில்லை. தபால்தலையும் இல்லை. கார்பன் தாளில் நகலெடுத்தால் நாலாவது பிரதி மங்கிவிடும். உடம்பு வைத்த அந்த எல்லையும் போயிற்று. அனுப்புகிறவருக்குச் செலவு ஏதுமில்லை. செலவு முழுக்கப் பெறுகிறவரின் கவனத்தில் பற்று வைக்கப்படுகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2024 டிசம்பரில், சிறுபத்திரிகைக்காரர்களும் சின்னப் பதிப்பாளர்களும் நம்பியிருந்த பதிவு நூல் அஞ்சலும் நிறுத்தப்பட்டது. இந்த மூன்று தேதிகளுக்கு நடுவே, நாம் ஒவ்வொருவரும் சம்பளமில்லாத தபால் எழுத்தர் ஆகிவிட்டோம். பிரிப்பது, முத்திரை குத்துவது, பகிர்வது, நினைவூட்டுவது எல்லாம் நாமே. அதற்குப் பிறகு நேரம் மிச்சமிருந்தால் கட்டுரை எழுதலாம்!

6

இனி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வருவோம். 1928இல் திண்டுக்கல் - பொள்ளாச்சி ரயில்பாதை இந்த ஊர் வழியாகப் போனது. பிறகு சாலையும் லாரியும் சேர்ந்து இதைத் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்றாக ஆக்கின. இங்கிருந்து கேரளாவுக்குத் தினமும் லோடு போகிறது. முருங்கையும் வெண்டையும் தக்காளியும் ஓரிரு நாளில் வாடி அழுகுகிற சரக்கு. மண்டியில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், ‘நாளைக்கு இரண்டு தடவை மட்டும் போனைப் பாருங்கள்’ என்று சொல்லிப்பாருங்கள், சிரிப்பார். டிரங்க் கால் காலத்திலிருந்தே விலை கேட்பதும் சொல்வதும்தான் அவர் தொழில். செய்தி அவருக்குக் குறுக்கீடு அல்ல, செய்திதான் வேலை.

அந்த முருங்கையை விளைவித்தவருக்கு அப்படியல்ல. காலை விலையும் மத்தியான விலையும் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்ப்பதால் மரம் சீக்கிரம் காய்க்கப் போவதில்லை. சரக்கைச் சந்தையில் இறக்கிவிட்ட பிறகு, விலை தெரிந்தாலும் திருப்பி ஏற்றிக்கொண்டு போகச் சக்தியில்லை. ஒரே செய்தி ஒருவருக்கு மூலதனம், இன்னொருவருக்குப் பதற்றம். இந்த வர்க்க வித்தியாசத்தை அழித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ‘உடனுக்குடன் தொடர்பில் இரு’ என்று சொல்வது சந்தையின் காலத்தை எல்லோருடைய காலமாகவும் ஆக்குகிற காரியம். எழுத்தாளரும் களப்பணியாளரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: என் வேலை மண்டிக்காரரின் வேலையைப் போன்றதா, முருங்கைக்காரரின் வேலையைப் போன்றதா?

7

களப்பணியாளருக்குப் பதில் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நிறுவிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்தது அம்பலமானது. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் திரண்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. கம்பெனித் தலைமைக்குக் கண்டனங்கள் குவிந்தன. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு உடன்பாடு ஏற்பட்டது.

இந்தக் கதையை ‘ஒரு காணொளி ஜெயித்தது’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. செய்தி வெள்ளத்தின் பங்கை நான் குறைக்கவில்லை. கம்பெனியின் கவனத்தை வலுக்கட்டாயமாகத் திருப்ப அது தேவைப்பட்டது. ஆனால் வெள்ளம் சில வாரம். அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் யாரோ நோய் விவரம் சேகரித்தார்கள், மண் ஆய்வு முடிவுகளைப் படித்தார்கள், பிரமாண வாக்குமூலம் தயாரித்தார்கள், வாய்தாவுக்குப் போனார்கள். அந்தக் கோப்பு இல்லாமல் காணொளிக்குச் சொல்ல விஷயம் இருந்திருக்காது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்காடல் உடன்பாட்டுக்குப் பிறகும் நீண்டது. அப்போது காணொளி பார்த்தவர்கள் வேறு காணொளிக்குப் போயிருந்தார்கள். இயக்கத்துக்கு இரண்டு காலமும் வேண்டும். இரண்டாவது, அதாவது உடனடிக் காலம், முதலாவதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரச்சினை.

8

அப்படியானால் என்ன செய்வது? ஆய்வுகள் சொல்வது எளிமையானது. 2012இல் கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க்கும் சகாக்களும் 13 அலுவலகப் பணியாளர்களுக்கு ஐந்து நாள் மின்னஞ்சலைத் துண்டித்து இதயத் துடிப்பை அளந்தார்கள். பதற்றம் குறைந்தது, ஒரு வேலையில் கூடுதல் நேரம் நிலைத்தார்கள். 2015இல் கனடாவில் 124 பேரை வைத்துச் செய்த சோதனையில், நாளுக்கு மூன்று தடவை மட்டும் பெட்டியைத் திறந்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது. சின்ன ஆய்வுகள்தான். ஆனால் டாட்டன்ஹாம் காலத்து எழுத்தருக்கு இது செய்தியே அல்ல.

கேள்வி, அப்படித் திறக்காமல் இருக்க யாருக்கு அனுமதி உண்டு என்பதுதான். மேலாளர் மூன்று தடவை பார்க்கலாம். அவருக்குக் கீழே இருப்பவர் மூன்று தடவை பார்த்தால் ஆள் மாற்றப்படுவார். இதனால்தான் பிரான்சில் இது போதனையாக நிற்காமல் சட்டமானது: 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலைநேரத்துக்கு வெளியே தொடர்பறுக்கும் உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதுபோன்ற உரிமை வந்தது. நம் நாடாளுமன்றத்தில் 2018இல் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. எட்டு மணிநேர வேலைக்காகச் சண்டை போட்ட தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதவரை ஆகவும் ஆகாது.

நம்மைப் போன்ற சின்னக் குழுக்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரிகைக் குழுவோ போராட்டக் குழுவோ கூடி முடிவெடுக்கலாம். தபால் பிரிக்கும் நேரம் நாளுக்கு இரண்டு. அந்த வேலை முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரட்டும், பெண் தோழர் தலையில் மட்டும் விழ வேண்டாம். அவசரம் என்றால் போன். மின்னஞ்சல் என்றால் அவசரமில்லை என்று பொருள். தேவையில்லாமல் பத்துப் பேருக்கு நகல் போடுவது மரியாதையல்ல, அடுத்தவர் நேரத்தைத் திருடுவது. எந்த வேலை எந்த மாதம்வரை தள்ளிவைக்கப்படுகிறது என்பதற்கு ஒரு பதிவேடு. மனுவோடு வருகிறவருக்கு மட்டும் ‘எப்போது பதில்’ என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், நாம் காப்பாற்றிக்கொள்கிற இடைவெளி அவரைக் காக்க வைக்கிற இடைவெளியாக மாறிவிட்டால் தாலுகா ஆபீசுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

சொந்த ஒழுக்கத்தால் மட்டும் கவனத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் எப்போதுமே, தங்களுக்காக வேறு யாரோ ஓடிக்கொண்டிருந்தவர்கள்தான். ஓட ஆளில்லாதவர்கள் சேர்ந்துதான் நேரத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.